‘ஹிஸ்’ மீது ஒரு சிவப்பு வட்டம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் சந்தேகப்படுவீர்கள். சொன்ன பிறகும் சந்தேகப்படுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு யாஸ்னா ஒயார்சோ ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டை ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதில் ஒரு வரியைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு குடும்பம் —

இல்லை. அது தன் இடத்தில் வரட்டும்.

ஸ்பானிய மொழி பேசும் சிலோயே தீவில், அன்குத் ஊரில், நான் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். மீன் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஆங்கிலம்தான் என் தாய்மொழி என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். நான் அதை மறுத்ததில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

“யாஸ்னா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.” அடித்துவிட்டேன். இந்த ஊரில் மழையை யாரும் பார்ப்பதில்லை.

“பதினேழு வருஷத் தாம்பத்தியத்தில் முதன்முறையாக” — இதையும் அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் வாடை.

மூன்றாவதில் கணவன்தான் முதலில் வருகிறான். அவனை முதலில் கொண்டுவந்தால் நீங்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். அதனால் வகுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

சனிக்கிழமை காலைகளில், தீயணைப்புத் தொண்டர்களின் கூடத்துக்கு மேலே உள்ள அறையில், யாஸ்னா பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். பதினொரு பேர். எல்லாருமே வெள்ளைக்காரப் பயணிகளிடம் பேசிப் பிழைக்க வேண்டியவர்கள். நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, தப்பை வைத்தே யார் எழுதியது என்று யாஸ்னா சொல்லிவிடுவாள். விடுதிக்காரி கிளாடிஸ் “ஐ ஹேவ் ஃபிஃப்டி இயர்ஸ்” என்று வயதைக் காணி நிலம்போலச் சொந்தம் கொண்டாடுவாள். டாக்ஸி ஓட்டும் டான் உலிசெஸ் (‘டான்’ இங்கே ‘ஐயா’ மாதிரி) “பீப்பிள் இஸ்” என்று எழுதுவார். எத்தனை தடவை திருத்தினாலும் ஜனங்கள் அவருக்கு ஒருமைதான்.

“இஸ் ரெயினிங்னு எழுதக் கூடாது. முன்னாடி ‘இட்’ போடணும்” என்றாள் யாஸ்னா ஒருநாள்.

“அந்த இட் யாரு டீச்சர்?” என்றார் டான் உலிசெஸ். “அம்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல நனையறேன், அவன ஒரு தடவகூடப் பாத்ததில்லயே!”

சக்காவோ படகுத்துறையில் எம்பனாடா என்ற பூரணம் வைத்த பலகாரம் விற்கும் எலியானா குவென்ச்சூருக்கு இரண்டு தப்புகள். ஒன்று, எழுவாயை விழுங்கிவிடுவாள். வந்தது, போனது, சாப்பிட்டது எல்லாம் இருக்கும், யார் என்பது இருக்காது. இன்னொன்று, ‘ஹிஸ்’, ‘ஹெர்’, ‘யுவர்’ மூன்றையும் கைக்கு வந்தபடி போடுவாள். அதில் அவள் குற்றம் பாதிதான். ஸ்பானிய மொழியில் ‘சு’ என்று ஒரே ஒரு சொல். அவனுடைய, அவளுடைய, உங்களுடைய, அவர்களுடைய என்ற எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ஒரே சாவியால் நாலு வீடு திறந்து பழகியவளிடம் நாலு சாவியைக் கொடுத்தால் என்ன செய்வாள்?

3

செப்டம்பர் முதல் வாரம் யாஸ்னா கொடுத்த தலைப்பு: ‘இந்த வாரம் வேலையிடத்தில் நான் பார்த்தது’.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் நோட்டுகளைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள். கீழே பட்டறையில் அவள் கணவன் ரெனே பர்ரியா ஒரு படகு மோட்டாரை உறுமவிட்டு அணைத்துக்கொண்டிருந்தான். ஏழாவது நோட்டு எலியானாவுடையது. எழுதியிருந்தது இவ்வளவுதான். தமிழில் தருகிறேன்:

“வியாழக்கிழமை மழை. உங்கள் கணவர் வந்தார், அவருடைய சிஸ்டருடன். இரண்டு எம்பனாடா வாங்கினார், ஒன்று சிப்பி, ஒன்று சீஸ். பெஞ்சில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அழுகை. அப்புறம் சிரிப்பு. படகு வந்தது. நல்ல நாள்.”

(இதைத் தமிழாக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும். அழுதது யார் என்று எலியானா சொல்லவில்லை. நம் மொழியிலோ அழுதான், அழுதாள் என்று வால் பிடிக்காமல் வினையை முடிக்க முடியாது. அதனால்தான் ‘அழுகை’. ‘சிஸ்டர்’ அக்காவா, தங்கையா? அதுவும் அவள் சொல்லவில்லை. உண்மையில் எலியானா தமிழச்சியாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அவன் தங்கை என்றால் தங்கை. யாஸ்னாவின் தங்கை என்றால் கொழுந்தியாள். ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.)

யாஸ்னா அதை இரண்டு தடவை படித்தாள். வியாழக்கிழமை மோட்டார் பாகங்கள் வாங்கக் காஸ்த்ரோவுக்குப் போவதாக ரெனே சொல்லியிருந்தான். காஸ்த்ரோ தெற்கே. படகுத்துறை வடக்கே.

ரெனேவுக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. அவன் அப்பா அகுஸ்தின் பர்ரியாவுக்கு ஒரே பிள்ளை. ஆகவே ‘ஹிஸ்’ தப்பு. ‘ஹெர்’ என்று மாற்றினால் அந்த ‘அவள்’ யார்? அப்படி யாரும் வரியில் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

யுவர். உங்கள் கணவர், உங்கள் சிஸ்டருடன்.

யாஸ்னாவுக்கு ஒரு தங்கை உண்டு. ஐவோன். நாலு வயது இளையவள். படகேறிக் கால்வாயைத் தாண்டினால் புவெர்த்தோ மோன்ட். அங்கே தனியாக இருக்கிறாள். கணவன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம்.

யாஸ்னா சிவப்புப் பேனாவை எடுத்து ‘ஹிஸ்’ஸைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

“யாஸ்னா, தண்ணி கொதிக்குதா? மாத்தே டீ போடலாமா?” என்று கீழிருந்து ரெனே கத்தினான்.

“நீயே போட்டுக்கோ” என்றாள்.

4

எலியானாவிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ‘என் புருஷன்கூட வந்தது யாரு?’ என்று துறையில் எம்பனாடா விற்கும் பெண்ணிடம் கேட்டால், அடுத்த படகு அக்கரை சேருவதற்குள் அந்தக் கேள்வி அக்கரையில் இறங்கியிருக்கும். ரெனேவிடம் கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அவளுக்கு அதுதான் பயம்.

ஆகவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் துப்பறிந்தாள். அடுத்த சனிக்கிழமை இருபது வாக்கியங்களில் ஒரு பயிற்சி. கோடிட்ட இடத்தில் ஹிஸ், ஹெர், யுவர் நிரப்ப வேண்டும்.

கால் மணி நேரம் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் டான் உலிசெஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க, டான் உலிசெஸ்.”

“இருபது வாக்கியத்துல பதிமூணுல எவனோ ஒரு புருஷன் எவளோட தங்கச்சிகூடவோ சுத்தறான். இவனுக்கு வேலவெட்டியே கெடையாதா?”

“என் விடுதில வேணும்னா தேடிப் பாக்கறேன்” என்றாள் கிளாடிஸ். “இந்த மாதிரி ஆளுங்க அங்கதான் வந்து சேருவாங்க.”

அறை அதிரச் சிரித்தார்கள். யாஸ்னாவுக்குக் காது சிவந்தது. “இலக்கணத்தப் பாருங்க. ஆளப் பாக்காதீங்க.”

எலியானா சிரிக்கவில்லை. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுக்கும்போது கேட்டாள்: “டீச்சர், என் நோட்டு?”

“இன்னும் திருத்தி முடியல.”

“நெறயத் தப்பா?”

“ஒண்ணு.”

“ஒண்ணே ஒண்ணா!” எலியானாவின் முகம் அப்படியே மலர்ந்தது. திரும்பி வகுப்புக்கே சொன்னாள்: “கேட்டீங்களா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதானாம்!”

(இந்த இடத்தில் எலியானாவை நான் சந்தேகித்தேன். தெரிந்தே எழுதினாளோ? ஸ்பானிய மொழியில் சொல்லக் கூசியதை, தப்பு என்ற போர்வைக்குள் ஒளித்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாளோ? அவளை அப்படிக் கெட்டிக்காரியாக எழுதிய ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது. நன்றாகவே வந்திருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதால் கிழித்துவிட்டேன்.)

அன்று மத்தியானம் யாஸ்னா எலியானாவின் தாளை முதலில் எடுத்தாள். இருபதில் பதினொன்று தப்பு. அதில் நாலு இடத்தில் ‘யுவர்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹிஸ்’.

அந்த நாலையும் திரும்பத் திரும்ப எண்ணினாள்.

5

இனி நான் வருகிறேன். கதையில் எனக்கு நாலே வரிதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டையும் பயிற்சித் தாளையும் என் மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை. டீ போட்டேன், தொடவில்லை.

“இது தப்புதானே?” சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

நான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். அங்கங்கே நின்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

“தப்புதான். இதே தப்ப இந்த நோட்டுலயே ஏழு தடவ பண்ணியிருக்கா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

நோட்டை மறுபடி ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனாள். வாசலில் கால் இடறியது. நான் பிடிக்கவில்லை.

6

மறுநாள் காலை ரெனே பட்டறைக்கு இறங்கியதும் ஐவோனுக்குப் போன் செய்தாள். (எனக்கு எப்படித் தெரியும்? பிறகு அவளே சொன்னாள். தவிர, எங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பது பலகைச் சுவர்.)

“போன வாரத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை நீ எங்க இருந்த?”

“என்ன திடீர்னு?”

“ரெனேகூட யாரு இருந்தா, ஐவோன்?”

அந்தப் பக்கம் ஒரு பேருந்து கடந்துபோவது கேட்டது. பிறகு ஐவோன் மெல்லக் கேட்டாள்: “யாரு சொன்னா உனக்கு?”

‘என்ன உளர்ற?’ என்று கேட்டிருக்கலாம். சிரித்திருக்கலாம். ‘யாரு சொன்னா’ என்று கேட்டாள். யாஸ்னாவுக்கு அது போதுமாக இருந்தது.

“அப்ப உண்மைதான்.”

“யாஸ்னா, அவன்கிட்டயே கேளு. என்னால சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வாக்கா! அவனும் நீயும் வாக்கெல்லாம் குடுத்துக்கற அளவுக்குப் போயாச்சா?”

“நீ என்ன நெனைக்கறேன்னு எனக்கு — கடவுளே. யாஸ்னா, நெஜமாவா? என்னையா?”

அப்போது யாஸ்னா ஒன்று சொன்னாள். சொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருந்தேன். சொல்லாவிட்டால், அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் என்னைக் காப்பாற்றிக்கொள்வதாக ஆகும்.

“உன் புருஷன் உன்ன ஏன் விட்டுட்டுப் போனான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது.”

ஐவோன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. யாஸ்னாதான் துண்டித்தாள்.

7

அன்று ரெனே மத்தியானமே மாடியேறி வந்தான். கையில் கிரீஸ். கழுவாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“ஐவோன் போன் பண்ணினா. பேசவே முடியல அவளால. என்ன சொன்ன நீ அவகிட்ட?”

“நீ சொல்லு. காஸ்த்ரோவுக்கு எப்பலேர்ந்து படகு விடறாங்க?”

ரெனே தலையைக் குனிந்துகொண்டான். “பொய்தான் சொன்னேன். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, யாஸ்னா.”

“உனக்குத் தங்கச்சி கெடையாது.”

“நாப்பத்தொம்பது வருஷமா நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

ஜூலை மாதம் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். பழுது பார்க்க எதுவும் கொண்டுவரவில்லை. அக்கரையில், கல்புகோவில் சிப்பி ஆலையில் வேலை செய்கிறவள், பெயர் நில்டா. வாசலிலேயே நின்று, “உங்கப்பாதான் எனக்கும் அப்பான்னு எங்கம்மா சாகும்போது சொல்லிட்டுப் போனா. எனக்கு எதுவும் வேணாம். பாக்கணும்னு தோணிச்சு” என்றாள். ரெனே முதலில் நம்பவில்லை. அவளும் நம்பச் சொல்லவில்லை. இரண்டு பேரும் புவெர்த்தோ மோன்ட் போய் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முந்தின நாள் இரவு நில்டாவுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. ரெனேவுக்கு அங்கே தெரிந்த ஒரே வீடு ஐவோனுடையது. யாரிடமும் சொல்லாதே என்று ஐவோனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்த வியாழக்கிழமை முடிவை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அவனை வழியனுப்ப நில்டாவும் இக்கரைவரை வந்தாள். அவள் திரும்பிப் போகவேண்டிய படகு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“முடிவு வர்றதுக்கு முன்னாடி சொன்னா நீ அவளுக்கு ரூமே ஒதுக்கியிருப்ப. அப்புறம் இல்லைன்னு வந்தா? வந்ததுக்கப்புறம், சரி, பதினெட்டாம் தேதி நாட்டுத் திருநாளு, ஐவோனும் வருவா, கறி சுடும்போது அவளக் கூட்டிட்டு வந்து நிறுத்தி உன்ன அசத்தலாம்னு பாத்தேன்.” கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “எலியானாகிட்டதான் மொதல்ல சொன்னேன். காசு குடுக்கறப்போ வாயில வந்துடுச்சு. இவ என் தங்கச்சின்னு. சொல்லிட்டு நானே அழுதுட்டேன்.”

யாஸ்னா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். பாத்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

“தப்பு இல்ல” என்றாள், சுவரைப் பார்த்து. “அவ சரியாத்தான் எழுதியிருக்கா.”

8

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் எலியானாவிடம் நோட்டைக் கொடுத்தாள். சிவப்பு வட்டத்தை அழிக்க முடியாது. பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“ஒரு தப்பு இருக்குன்னீங்களே?”

“நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.”

“எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு டீச்சர். தங்கச்சியான்னு ரெண்டு தடவ டான் ரெனேவக் கேட்டேன். ஆமா, அப்பா வழியிலன்னாரு. இவ்வளவு நல்ல விஷயத்தத் தப்பா எழுதிடக் கூடாதுன்னு அகராதியெல்லாம் பாத்து எழுதினேன்.”

“அப்பா வழியிலன்னு ஒரு வார்த்த சேத்திருக்கலாமே.”

“அத நீங்க இன்னும் சொல்லித்தரலயே” என்றாள் எலியானா.

யாஸ்னா இதை என்னிடம் சொன்னபோது சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

என் முறை. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்லவில்லை. ‘ஹிஸ்’ இருந்த அதே வாக்கியம் எப்படித் தொடங்குகிறது? ‘உங்கள் கணவர்’. அங்கே ‘யுவர்’ சரியாக இருந்தது. நாலு சொல்லுக்கு முன் ‘யுவர்’ என்று சரியாக எழுதியவள், உடனே ‘ஹிஸ்’ என்று எழுதினால் அது வேண்டுமென்றே எழுதியதாகவும் இருக்கலாம். பிழை திருத்திப் பிழைக்கிற எனக்கு இது தெரியாதா? தெரிந்தது. கண்ணில் பட்டது. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரெனேவிடம் கேள்’ என்று சொல்லியிருந்தால் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பாள்.

ஏன் சொல்லவில்லை? ஊரின் ஆங்கில நிபுணர் ‘தெரியாது’ என்று சொல்வது எப்படி என்ற கௌரவம் — இது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது. கதை எழுதுகிற ஒரு ஆளின் வீட்டுக்கு ஒரு பெண் அப்படியொரு வரியை எடுத்துக்கொண்டு வருகிறாள். அது தப்பாக இருந்தால் கதை. சரியாக இருந்தால் ஒன்றுமில்லை.

இரண்டில் எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு என் பேரில் நம்பிக்கை இல்லை.

9

பதினெட்டாம் தேதி நில்டா வந்தாள். புகையூட்டிய சிப்பிகளை மாலையாகக் கோத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் ரெனேவுக்கும் சிரிப்பு ஒரே மாதிரி. வாய் ஒரு பக்கம்தான் போகும். எல்லாரும் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். ஐவோன் வரவில்லை. யாஸ்னா அனுப்பிய ஒன்பது செய்திகளையும் ஐவோன் பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக்குறி இருந்தது. பதில் இல்லை. ரெனே பேசிப் பார்த்தான். “உன்மேல கோவமில்ல ரெனே” என்று மட்டும் சொன்னாளாம்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து தானே நேரில் போவதென்று யாஸ்னா முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை நான் மூன்று முடிவுகள் எழுதிவைத்தேன்.

ஒன்று: ஐவோன் கதவைத் திறக்கிறாள், ஒன்றும் பேசாமல் கெட்டிலை அடுப்பில் வைக்கிறாள்.

இரண்டு: உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. மணியை அடித்ததும் நிற்கிறது. கதவு திறக்கவில்லை.

மூன்று: திறக்கிறாள். திறந்து, யாஸ்னா சொன்னதற்குச் சமமாக, அவளால் ஆயுசுக்கும் மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறாள். அதன் பிறகு இரண்டு பேரும் —

யாஸ்னாவுக்குத் தமிழ் தெரியாது. அவளை உட்காரவைத்து முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். எட்டாவது பகுதியையும் மறைக்காமல் சொன்னேன். அங்கே அவள் என் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று முடிவுகளுக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இத நீ முடிக்காத.”

“கதைன்னா ஒரு முடிவு —”

“போன தடவ நீ நிச்சயமான்னு சொன்னது போதும். என் தங்கச்சி கதவத் தெறப்பாளா மாட்டாளான்னு நீ எழுத வேண்டாம். அவ தெறப்பா, இல்ல தெறக்க மாட்டா. அது அவ கை.”

ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ஒரு மணி படகுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். ஒரு ராத்திரி அங்கே தங்கியிருக்கிறாள். எங்கே தங்கினாள் என்று தெரியாது. இன்று காலை வேலியோரம் பார்த்தேன். மழை விட்டிருந்த நேரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அல்லது தெரிந்ததை நான் நம்பவில்லை. நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உங்களுக்கு இருக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நேராகக் கேளுங்கள்.